செய்தி ஜோக் எழுதினா மீம் மாதிரியே வருது, எங்க கோட்டை விடுறேன்?

ஓப்பன்மைக்_ஒருத்தன்:

வணக்கம் மக்களே. ஆழ்வார்பேட்டை பக்கம் ஒரு ஓப்பன் மைக்ல (யார் வேணா மேடையேறி ஜோக் சொல்லலாம்ங்கிற நிகழ்ச்சி) ஞாயித்துக்கிழமை 5 நிமிஷம் ஸ்லாட் குடுத்திருக்காங்க. செய்திகளை வெச்சு மட்டும்தான் பேசணும்னு நிபந்தனை. எழுதறேன், ஆனா எழுதினதைத் தேடிப் பார்த்தா ஏற்கனவே யாரோ மீமா போட்டிருக்காங்க. இல்லன்னா படிக்க நல்லா இருக்கு, சத்தமா சொன்னா சப்புன்னு இருக்கு.

எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய செய்தி ஒண்ணை உதாரணத்துக்கு எடுத்துக்கறேன். 2025 ஏப்ரல் 19 அன்னைக்கு கடற்கரை–செங்கல்பட்டு தடத்துல ஏசி மின்சார ரயில் விட்டாங்க. நான் எழுதினது இது:

"ஏசி ரயில்னு ஆசையா போனேன். டிக்கெட் விலையைக் கேட்டதும் குப்புன்னு வேர்த்துடுச்சு."

இதுல என்ன கோளாறு? எங்கிருந்து ஆரம்பிச்சு எழுதணும், ஒரு செய்திக்கு எத்தனை வரி எழுதணும், எதைத் தூக்கிப் போடணும்? "கவனிப்புத் திறன் வேணும்" மாதிரி பொதுவான அட்வைஸ் வேணாம், செய்முறை சொல்லுங்க.

கடைசிவரி:

பாஸ், ஜோக்குல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா "ஏசி", "டிக்கெட் விலை" ரெண்டையும் ஒண்ணாக் கேட்டதும் "வேர்வை"ன்னு தோணாத ஆள் ஊர்லயே கிடையாது. தலைப்புல இருக்கிற சொற்களை மட்டும் வெச்சு எழுதினா, தலைப்பைப் படிச்ச அத்தனை பேருக்கும் அதே ஜோக்தான் கிடைக்கும். அதனால தலைப்பை மூடி வெச்சுட்டு செய்தியோட உடம்புக்குள்ள போங்க. ரெண்டாவது, மூணாவது பத்தியில இருக்கிற விவரத்துலதான் யாரும் கை வைக்காத சரக்கு இருக்கும்.

முதல்ல ஒரு தாள்ல வெறும் விவரங்களை மட்டும் எழுதுங்க. சிரிக்க வைக்க முயற்சியே வேணாம். இந்தச் செய்திக்கு: 12 பெட்டி. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில செஞ்சது. தானா மூடித் திறக்கிற கதவு. குறைஞ்ச கட்டணம் 35 ரூபா, செங்கல்பட்டு வரைக்கும் 105. சாதாரண வண்டியில குறைஞ்ச கட்டணம் 5 ரூபா. ஆரம்பத்துல ஓடினது ஒரே ஒரு ரேக், அதாவது ஒரே ஒரு முழு வண்டி. ஒரு செய்திக்கு இந்த மாதிரி 7 விவரமாவது தேறணும். தேறலன்னா அந்தச் செய்தியை விட்டுடுங்க, அது தலைப்போட முடிஞ்சு போற சரக்கு.

அடுத்து, இதுல எது நம்ம ஊர் வழக்கத்தோட மோதுதுன்னு பாருங்க. எனக்குப் படுறது கதவு. சென்னை மின்சார ரயில்ல கதவுன்னு ஒண்ணு உண்டு, ஆனா அது மூடினதைப் பார்த்தவங்க கம்மி. இங்க ரெண்டு கொக்கி கிடைச்சுடுச்சு: "தானா மூடுற கதவு", "மின்சார ரயில்". தாளை ரெண்டா மடிச்சு, ஒவ்வொரு கொக்கிக்குக் கீழயும் மனசுல வர்றதையெல்லாம் எழுதுங்க.

தானா மூடுற கதவுக்கு: லிஃப்ட், மெட்ரோ, தி.நகர் ஜவுளிக்கடை வாசல், நடுவுல மாட்டிக்கிற பை, "கதவுகள் இடது பக்கம் திறக்கும்".
மின்சார ரயிலுக்கு: ஃபுட்போர்டு, சீசன் டிக்கெட், சமோசாக்காரர், மாம்பலத்துல இறங்க முடியாம கிண்டியில இறங்கறது, முதல் வகுப்புல ஓசிப் பயணம், கம்பியைப் பிடிச்சு நிக்கிறவரோட அக்குள்.

ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினஞ்சு வேணும். முதல் அஞ்சு எல்லாருக்கும் வர்றதுதான், அதுக்கப்புறம் வர்றதுலதான் விஷயம் இருக்கு. இப்ப இந்தப் பக்கத்துல ஒண்ணு, அந்தப் பக்கத்துல ஒண்ணுன்னு கோடு இழுத்துப் பாருங்க. கதவையும் ஃபுட்போர்டையும் இணைச்சா கேள்வி தானா வருது: தொங்கிட்டுப் போறவன் என்ன ஆவான்? வழக்கமான பதில் "எங்க தொங்குறது?" அது முதல் படி. அங்கயே நிக்காதீங்க, இன்னொரு படி போங்க. தொங்க முடியலன்னா உள்ள வரணும். உள்ள வந்தா?

"புது ஏசி ரயில்ல கதவு தானா மூடிக்குது. ஃபுட்போர்டு பசங்க வேற வழியில்லாம உள்ள போயிருக்காங்க. அப்பதான் தெரிஞ்சுதாம், உள்ள சீட்டு இருக்கு!"

இதுல முதல் வாக்கியம் முழுக்க உண்மை. ரெண்டாவது நடந்திருக்கலாம். மூணாவதுதான் பொய். இந்த ஏறுவரிசை முக்கியம். முதல் வரியிலயே மிகைப்படுத்தினீங்கன்னா செய்தி எது, உங்க கைச்சரக்கு எதுன்னு கூட்டத்துக்குப் புரியாது, கால் ஊனி நிக்க இடமில்லாத மாதிரி ஆயிடும்.

அளவு: முன்வரி (செய்தியைச் சொல்ற ஆரம்ப வரி) 12 சொல்லுக்குள்ள, மொத்த ஜோக் 25 சொல்லுக்குள்ள. முன்வரியை விளக்க இன்னொரு முன்வரி தேவைப்பட்டா அந்த ஜோக் மேடைக்கு ஆகாது. 5 நிமிஷத்துல சிரிப்புக்கு விடுற இடைவெளி போக 450 சொல்தான் கொள்ளும். 4 செய்தி எடுங்க, ஒவ்வொண்ணுக்கும் 3 அடி (சிரிப்பு வெடிக்கிற வரி). ஒரு செய்திக்குப் பத்து எழுதினா மூணு நிக்கும். மேடை ஏறுறதுக்கு முன்னாடி கடைசிச் சொல்லையும் செய்தியோட பேரையும் சேர்த்து எக்ஸ்லயும் ஃபேஸ்புக்லயும் ஒரு தேடல் போட்டுடுங்க. அதே அடி வேற யார்கிட்டயாவது இருந்தா, நீங்களா யோசிச்சதா இருந்தாலும் எடுத்துடுங்க.

இன்னொண்ணு, இந்த ஜோடிகளைக் கனவுலயும் தொடாதீங்க: தக்காளி விலை ஏறினா பேங்க் லாக்கர், கத்திரி வெயில்னா ரோட்டுல ஆம்லெட், மழைன்னா படகு, மெட்ரோ பள்ளம்னா புதையல், தங்கம் விலைன்னா நகைக்கடை வாசல்ல நின்னு பார்த்துட்டு வர்றது. இதெல்லாம் பொதுச் சொத்து ஆகிப் பல வருஷம் ஆச்சு.

அச்சுக்கோப்பு:

கடைசிவரி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். "படிக்க நல்லா இருக்கு, சொன்னா சப்புன்னு இருக்கு" என்றீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் வாக்கியத்தின் வால்.

தமிழில் வினை கடைசியில் வரும். ஆனால் சிரிப்பு பெரும்பாலும் ஒரு பெயர்ச்சொல்லில் இருக்கும். மேலே உள்ள ஜோக்கையே இப்படி எழுதிப் பாருங்கள்: "ஃபுட்போர்டு பசங்க உள்ள சீட்டு இருக்குன்னு முதல் தடவையா தெரிஞ்சுக்கிட்டாங்க." இலக்கணம் சுத்தம். ஆனால் "சீட்டு" வந்த பிறகு நான்கு சொல் மிச்சம். கூட்டம் சிரிக்கத் தொடங்கும்போது நீங்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பீர்கள், சிரிப்பு அடங்கிவிடும். "அப்பதான் தெரிஞ்சுதாம்" என்று வினையை முன்னே இழுத்ததால்தான் அது வேலை செய்கிறது. கண்டிப்பாகப் பார்த்தால் "இருக்கு" கூட மிச்சம்தான், ஆனால் அதையும் பிடுங்கினால் பேச்சு மாதிரி இருக்காது, விட்டுவிடலாம்.

இதைவிடக் கொடுமை "-ன்னு கேட்டானாம்", "-ன்னு சொல்றாங்க" என்று முடிவது. புதிதாக எழுதுபவர்களின் பத்து ஜோக்கில் பாதி இதில்தான் செத்துப்போகும். சொன்னவரை முன்னால் வையுங்கள். "பையன் கேக்குறான்:" என்று நிறுத்தி, அப்புறம் வசனம். வசனம் முடிந்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

வார இதழ்களில் வரும் தலைவர் ஜோக், டாக்டர் ஜோக், மன்னர் ஜோக் எல்லாம் இரண்டே வரியில் இருப்பதன் காரணமும் இதுதான். முதல் ஆள் கேட்கும் கேள்விதான் முன்வரி, இரண்டாம் ஆளின் பதில்தான் அடி. கதை சொல்லி வேண்டியதில்லை, வாலும் இல்லை. 2024 அக்டோபரில் மழைக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அதை இந்த அச்சில் வார்த்தால்:

"தலைவர் ஏன் மழை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்துல போய் நின்னு கையசைக்கிறாரு?"
"அவர் பின்னால அவ்ளோ கார் வந்து நிக்கிறது இதுதான் முதல் தடவை!"

செய்தியை ஜோக்குக்குள் எங்கும் விளக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். படிப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி விட்டதால்தான் இரண்டு வரியில் அடங்குகிறது. அந்த நம்பிக்கை ஒரு வாரம் தாங்கும், நல்ல செய்தி என்றால் ஒரு மாதம். அதன் பிறகு முன்வரி நீளும், ஜோக் தளரும்.

சிலேடை அச்சில் ஓடும், மேடையில் நொண்டும். கண்ணுக்குத் திரும்பப் படிக்க வாய்ப்பு உண்டு, காதுக்குக் கிடையாது. பெயர் சொல்லாமல் "தலைவர்" என்றே வைத்துக்கொள்வதும் நல்லது. ஜோக் அடுத்த ஆட்சியிலும் செல்லும், வழக்கும் வராது.

மேடை_மைக்:

ரெண்டு பேர் சொன்னதும் சரி. ஆனா இதோட நின்னா விடுகதை மாதிரி ஆயிடும் ப்ரோ. மேடையில நிக்கிறது ஒரு ஆளு, அந்த ஆளுக்கு இந்தச் செய்தி மேல கோவமா, பொறாமையா, குஷியான்னு தெரியணும்.

கோவம் எல்லாருக்கும் ஒண்ணாவே இருந்தா பார்வையை மாத்துங்க. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30 திறந்தாங்க. ஊரே "தூரம், தூரம்"னு புலம்புச்சு. அந்தப் புலம்பல்ல புது ஜோக் கிடையாது. சரி, இந்தச் செய்தியில யாருக்கு லாபம்? பக்கத்துல இருக்கிற தாம்பரத்துக்கு.

"கிளாம்பாக்கம் தூரம்னு ஊரே அழுவுது. தாம்பரத்துக்காரன் மட்டும் சிரிக்கிறான். இத்தனை வருஷமா 'நீங்க ஊருக்கு வெளியவா?'ன்னு கேட்ட சொந்தக்காரங்கல்லாம் இப்ப போன் பண்றாங்க: 'காலைல பஸ்ஸு, நைட்டு உங்க வீட்ல படுத்துக்கலாமா?'"

25 சொல்லை நெருங்கிடுச்சுதான். பாத்திரம் வந்துட்டா கொஞ்சம் நீளலாம், ஏன்னா "தாம்பரத்துக்காரன் சிரிக்கிறான்"லயே ஒரு சின்னச் சிரிப்பு விழுந்துடும். சிரிப்பே இல்லாம தொடர்ந்து 20 விநாடி போகக் கூடாது, அதுதான் கணக்கு.

அப்புறம் நாட்காட்டி வெச்சு எழுதுங்க. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆம்னி பஸ் கட்டணம், பிப்ரவரி 1 பட்ஜெட், மே மாசம் கத்திரியும் பிளஸ் டூ ரிசல்ட்டும், ஆடித் தள்ளுபடி, அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை, மார்கழியில சபா கேன்டீன். இதெல்லாம் வருஷா வருஷம் வரும்னு இப்பவே தெரியும். கொக்கித் தாளை முன்கூட்டியே போட்டு வெச்சுட்டா, அந்த வருஷத்து விவரத்தை மட்டும் சொருகினா போதும். வெள்ளிக்கிழமை ராத்திரி காலியா உக்கார வேண்டியதில்ல.

எழும்பூர்_வாசகர்:

"பெயர் சொல்லாவிட்டால் வழக்கு வராது" என்று அச்சுக்கோப்பு எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்தது எந்தப் பெயரும் இல்லாத அரசியல் ஜோக்தான். எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் ஜேப்படிக்காரர், முகமூடிக் கொள்ளைக்காரர் என்று ஒப்பிட்டது. சட்டமன்றம் அதை உரிமை மீறலாக எடுத்துக்கொண்டு, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு 3 மாதம் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்புக் கிளம்பியதால் இரண்டே நாளில் விடுதலை. பின்னர் அவர் நீதிமன்றம் போய் ஜெயித்து, அடையாள இழப்பீடாக 1,000 ரூபாய் வாங்கியது தனிக் கதை. கிட்டத்தில் 2025 பிப்ரவரியில், பிரதமரைக் கைவிலங்கோடு வரைந்த கார்ட்டூனுக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் முடக்கத்தை நீக்க வேண்டும் என்று மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நடைமுறையில் மூன்று இடங்களில் மட்டும் நின்று யோசித்தால் போதும்.

ஒன்று, ஆளின் செயலைக் கிண்டல் செய்கிறீர்களா, அவர் செய்யாத குற்றத்தைச் செய்ததாகச் சொல்கிறீர்களா? பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவில் அவதூறுக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. "மந்திரி திறந்த பாலம் ஆடுது" என்பது கிண்டல். "பாலத்துல எவ்வளவு அடிச்சார்" என்றால் அது குற்றச்சாட்டு, ஆதாரம் கேட்பார்கள்.

இரண்டு, செய்தி உண்மையா? வேளச்சேரி மேம்பாலக் கார்களுக்கு அபராதம் போட்டதாகச் செய்தி பரவியது, அப்படி எதுவும் போடவில்லை என்று காவல்துறை மறுத்தது. அபராதத்தை வைத்து ஜோக் எழுதியவர்கள் எல்லாரும் நடக்காத விஷயத்துக்குச் சிரிக்கச் சொன்னார்கள். முன்வரி பொய் என்று கூட்டத்தில் ஒருவருக்குத் தெரிந்தாலும் அடி விழாது. ஜோக்கைச் செய்தி சேனலின் நியூஸ் கார்டு வடிவில் செய்து சுற்றுக்கும் விடாதீர்கள். மூன்றாவது ஃபார்வர்டில் அது செய்தி ஆகிவிடும், அப்புறம் தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் அதில் "போலி" என்று முத்திரை குத்தும்.

மூன்று, அடி யார் மேல் விழுகிறது? மழை ஜோக்கில் மாநகராட்சி, வானிலை அறிவிப்பு, ரியல் எஸ்டேட் விளம்பரம், நம்முடைய பதற்றம் என்று எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். "செம்பரம்பாக்கம் ஏரி திறந்தாச்சு" என்ற வரிக்கு நுங்கம்பாக்கத்தில் சிரிப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலோ ஜாபர்கான்பேட்டையிலோ இருந்தவர் ஒருவர் அரங்கில் இருந்தால் அந்த வரிசையே உறைந்துவிடும். உயிரிழப்பு நடந்த செய்தி என்றால் கேள்வியே இல்லை, எடுக்கக் கூடாது.

ஓப்பன்மைக்_ஒருத்தன்:

எல்லாருக்கும் நன்றி. தாளை மடிச்சு எழுதிப் பார்த்தேன். ரெண்டு தேறிச்சு, அடிச்சுத் திருத்துங்க.

1) "ஏசி ரயில்ல 30 ரூபா அதிகமா வாங்குறாங்க. அது ஏசிக்கு இல்ல, பக்கத்துல கம்பியைப் பிடிச்சு நிக்கிறவரோட அக்குள்ல இருந்து தப்பிக்கத்தான்னு ஒருத்தர் சொன்னாரு."

2) 2024 அக்டோபர் 16 ரெட் அலர்ட்டை வெச்சு: "வானிலை மையம் ரெட் அலர்ட் குடுத்துச்சு, மக்கள் பிரெட் வாங்கிக் குவிச்சாங்க, ஆனா மழையே வரல. அதனால இது ரெட் அலர்ட் இல்ல, பிரெட் அலர்ட்!"

கடைசிவரி:

முதலாவது நல்ல சரக்கு, பாதி வேலை முடிஞ்சாச்சு. "ஒருத்தர் சொன்னாரு" வாலை வெட்டுங்க. "30 அதிகம்"னு கழிச்ச கணக்கைச் சொல்லாம, ரெண்டு தொகையையும் சொல்லிட்டு அப்புறம் பிரிங்க. கூட்டம் மனசுல கழிச்சுப் பார்த்து முடிக்கிற நேரத்துல அடி விழணும்.

"சாதாரண ரயில்ல 5 ரூபா. ஏசி ரயில்ல 35. அஞ்சு ரூபா ரயிலுக்கு. முப்பது ரூபா, பக்கத்து ஆளோட அக்குளுக்கு."

"ரயிலுக்கு"க்கும் "அக்குளுக்கு"க்கும் ஒரே முடிவு இருக்கிறதால காதுக்கு இது அளவா உக்காருது. மேடையில "முப்பது ரூபா"வுக்கு அப்புறம் அரை விநாடி நிறுத்துங்க.

ரெண்டாவதுல ரெண்டு பிரச்சினை. ஒண்ணு விவரப் பிழை: மழையே வரலன்னு சொல்ல முடியாது. முந்தின நாள் 15ஆம் தேதி நல்லாவே பெஞ்சது, அலர்ட் குடுத்த 16ஆம் தேதிதான் எதிர்பார்த்த அளவு இல்ல. ரெட் அலர்ட்னா 20 செ.மீ.க்கு மேல எதிர்பார்க்கிறாங்கன்னு அர்த்தம். 15ஆம் தேதி முழங்கால் தண்ணியில நடந்தவர் முன்வரியிலயே உங்களை விட்டு எழுந்து போயிடுவார். இன்னொண்ணு, ரெட்–பிரெட் சிலேடையைக் கடைசியில வெச்சு "பாத்தீங்களா"ன்னு காட்டுறீங்க. அதை நடுவுல போற போக்குல விடுங்க. கவனிச்சவன் சிரிப்பான், கவனிக்காதவனுக்கு நஷ்டமில்ல. அடி அதுக்கு அடுத்த படியில இருக்கு: வாங்கின பிரெட் என்ன ஆச்சு?

"ரெட் அலர்ட்னாங்க. ஊரே போய் பிரெட் வாங்குச்சு. மழை ஒரே நாள்ல நின்னுடுச்சு. பிரெட் உப்புமா இன்னும் நிக்கல."

மேடை_மைக்:

பிரெட் உப்புமாவை ரெண்டாவதா வைங்க, அக்குளைக் கடைசிக்கு வைங்க. அக்குளுக்கு அப்புறம் உப்புமான்னா யாரும் சாப்பிட மாட்டாங்க.

ஞாயித்துக்கிழமை மேடைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நாலு செய்தியையும் மறுபடி தேடிப் பாருங்க. கட்டணம் மாறியிருக்கலாம், உத்தரவை வாபஸ் வாங்கியிருக்கலாம், விபத்து நடந்திருக்கலாம். தூக்க வேண்டியிருந்தா தூக்கிட்டு அந்த இடத்துல சொருக, நாட்காட்டி சரக்குல ஒண்ணு பாக்கெட்ல இருக்கட்டும்.